நாற்பதுக்குப் பின் ஒரு முதுமாணி

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டுக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எண்டு நீங்கள் முதுமாணி செய்தனீங்கள்தானே, அதைப் பற்றிப் பேசுங்கோ. உயர்தரம் முடிச்ச பிள்ளையளும் கேக்கினம், பிள்ளை வளர்த்து முடிச்ச எங்கட வயதுக்காரரும் கேக்கினம்" என்றார். நான் உடனே சம்மதிக்கவில்லை. இந்த மண்டபத்தில் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், நீதித்துறையில் இருப்பவர்கள், பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து, நாற்பத்தொரு வயதில் மறுபடி மாணவியாகப் போனவள். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, இந்தப் படிப்பைப் பற்றி இங்கே சொல்லவேண்டிய விடயம் ஒன்று என்னிடம் இருப்பதாகப் பட்டது. அதற்காகவே வந்தேன்.

முதலில், இது என்ன படிப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலர் நினைப்பது போல இது செய்தி வாசிக்கவோ கமரா பிடிக்கவோ பழக்கும் படிப்பல்ல. அதற்குப் பயிற்சி நெறிகள் வேறாக இருக்கின்றன. மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்கிறார்கள், சொன்னது மற்றவரிடம் என்னவாகப் போய்ச் சேருகிறது, இடையில் நிற்கும் பத்திரிகையும் வானொலியும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அதை என்ன செய்கின்றன என்று ஆராய்வதே இந்தத் துறை. தமிழகத்தில் இதைத் தகவல் தொடர்பு என்கிறார்கள். நாங்கள் தொடர்பாடல் என்கிறோம். எனக்கு எங்கள் சொல்தான் பிடிக்கும். உரையாடல், கலந்துரையாடல் என்பவற்றில் இருக்கும் 'ஆடல்' அதிலும் இருக்கிறது. ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஆடல் ஆகாது. மற்றவரும் பேச வேண்டும். இரண்டு வருடம் நான் படித்ததன் சாரம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது என்று பிறகுதான் விளங்கியது.

1995 இடப்பெயர்வுக்குப் பின் கொழும்புக்கு வந்து, வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் முடித்து, ஒரு தமிழ்ப் பத்திரிகையில் சேர்ந்தேன். வேலையை வேலை செய்தே பழகினேன். செய்தியைச் சுருக்குவது, தலைப்பு வைப்பது, படத்துக்குக் குறிப்பு எழுதுவது, இரவு பக்கம் முடிப்பது. பதினேழு வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை என்னிடம், "ஏன் அக்கா இந்தச் செய்தியை முதல் பக்கத்திலை போடுறம், மற்றதை ஏழாம் பக்கத்திலை போடுறம்?" என்று கேட்டாள். "அது அப்பிடித்தான்" என்று சொன்னேன். வீட்டுக்குப் போகும்வரை அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பதினேழு வருடம் ஒரு வேலையைச் செய்துவிட்டு, ஏன் என்று கேட்டால் அது அப்படித்தான் என்பதா? அந்த வருடமே, 2016இல், விண்ணப்பப் படிவம் நிரப்பினேன்.

வகுப்புகள் சனியும் ஞாயிறும். எங்கள் தொகுதியில் ஒரு பௌத்த பிக்கு, ஒரு வங்கியின் விளம்பரப் பிரிவு அதிகாரி, இரண்டு ஆசிரியர்கள், சிங்களப் பத்திரிகையாளர்கள் சிலர், மலையகத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து போகும் ஒரு தம்பி. வயதில் நான் மூன்றாவது. என் மகள் அப்போது சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து இருவரும் பரீட்சைக்குப் படித்தோம்.

முதல் தவணையில் கோட்பாடுகள். ஹரோல்ட் லாஸ்வெல் 1948இல் தொடர்பாடலை ஐந்து கேள்விகளாகப் பிரித்தார்: சொல்வது யார், சொல்வது என்ன, எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவுடன். கேட்க எளிமையாக இருக்கிறது. அதில் கேட்பவர் திரும்பப் பேசுவதற்கு இடமே இல்லை என்பதைப் பின்வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பிறகு போல் லாசார்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு வந்தது. 1940 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கவுண்டியின் வாக்காளர்களை மாதாமாதம் சந்தித்துக் கேட்டார்கள். பத்திரிகையும் வானொலியும் நேரே மக்களின் மனதை மாற்றுகின்றன என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்தது வேறு. செய்தி முதலில் அக்கறையுள்ள சிலரிடம் போகிறது. அவர்கள் வாயிலாகத்தான் மற்றவர்களிடம் போகிறது. 1944இல் வெளிவந்த அந்த நூலின் இந்தக் கருத்தை இரண்டு கட்ட ஓட்டம் என்கிறார்கள்.

விரிவுரையாளர் வெண்பலகையில் அம்புக்குறி போட்டு இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் நான் அதை நேரில் பார்த்தவள். 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு மிதிப்பார். டைனமோவில் இருந்து வயர் வானொலிக்குப் போகும். சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்து பீபீசி தமிழோசை கேட்பார்கள். மாமா களைத்து மிதி குறைந்தால் குரலும் குறையும். என் பெரியம்மா ஒருநாளும் தவறவிட மாட்டார். அடுத்தநாள் காலை கிணற்றடியில் அவர்தான் ஒழுங்கைக்கே செய்தி ஆசிரியர். "இப்பிடித்தான் சொல்லுறாங்கள், ஆனா நடக்காது" என்று தன் அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொல்வார். வானொலி சொன்னதைவிடப் பெரியம்மா சொன்னதைத்தான் ஒழுங்கை நம்பியது.

இதை வகுப்பில் சொன்னேன். சிங்கள நண்பி ஒருவர், தங்கள் ஊரில் 1989 காலத்தில் இதே போல நடந்ததைச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் கோட்பாடுகளில் பயம் போய்விட்டது. எங்கோ யாரோ எழுதி வைத்த பெரிய விடயங்கள் என்று எண்ணியிருந்தேன். நாங்கள் வாழ்ந்து பார்த்ததற்குத்தான் அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஹெர்ட்டா ஹெர்சொக் என்ற பெண்மணியைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். வியன்னாவில் படித்து அமெரிக்காவுக்குப் போனவர். 1940களில் பகல் நேரத்து வானொலித் தொடர் நாடகங்களைக் கேட்கும் இல்லத்தரசிகளை எல்லோரும் இளக்காரமாகப் பார்த்தபோது, அவர் அந்தப் பெண்களிடமே போய், இவற்றை ஏன் கேட்கிறீர்கள், என்ன கிடைக்கிறது என்று கேட்டார். சிலர் அழுது ஆறுவதற்கென்றார்கள். சிலர் தங்கள் வாழ்வில் வரும் சிக்கல்களுக்கு அதிலிருந்து வழி தெரிகிறது என்றார்கள். ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த துறையில், மக்கள் ஊடகத்தைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி அப்படித்தான் வலுப்பெற்றது. வானொலி நாடகம் போகும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருக்கும் என் அம்மாவை நான் எத்தனை தரம் கேலி செய்திருப்பேன்! ஒருநாளாவது ஏன் அம்மா என்று கேட்டதில்லை.

எல்லாம் சுகமாகப் போனது என்று நினைக்க வேண்டாம். என் முதல் ஒப்படைக்கு மிகக் குறைந்த புள்ளி. 'இது நல்ல பத்திரிகைக் கட்டுரை. ஆய்வுக் கட்டுரை அல்ல' என்று கீழே எழுதியிருந்தது. இத்தனை வருடம் எழுதிச் சோறு சாப்பிட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆனால் உண்மை அதுதான். பத்திரிகையில் நான் முடிவைத் தெரிந்துகொண்டு எழுதத் தொடங்குவேன். ஆய்வில் முடிவு தெரியாமல் தொடங்கவேண்டும். நான் நினைத்தது பிழை என்று காட்டக்கூடிய சான்றையும் நானே தேடிப் போகவேண்டும். அந்தப் பழக்கம் வர ஒரு வருடம் பிடித்தது. வாசிக்க வேண்டியதெல்லாம் ஆங்கிலத்தில். உயர்தரம் வரை தமிழில் படித்த எனக்கு ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. வாசித்ததை அன்றிரவே தமிழில் அரைப் பக்கமாக எழுதி வைத்தேன். தமிழில் எழுத வராவிட்டால் எனக்கு அது விளங்கவில்லை என்று அர்த்தம்.

இனி ஆய்வேட்டுக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததும் இதுதான்.

செய்திகளில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்பதைப் பார்க்க விரும்பினேன். உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று 1995 முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஒரே நாளில் பல நாடுகளின் செய்திகளை எடுத்து, அவற்றில் வருபவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணுவார்கள். 1995இல் 17 சதவீதம். 2020இல்கூட 25 சதவீதம்தான். இருபத்தைந்து வருடத்தில் எட்டுச் சதவீதம் ஏறியிருக்கிறது. நான் படித்த காலத்தில் எண்ணிக்கை பற்றிய ஆய்வுகள் நிறைய இருந்தன. வந்த பெண்கள் எந்த விதமாக வந்தார்கள் என்று பார்க்கலாம் என நினைத்தேன். எடுத்த காலம், சுனாமிக்குப் பிந்திய மூன்று மாதங்கள்: 2004 டிசம்பர் 27 முதல் 2005 மார்ச் முடிய. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்த பேரழிவு அது. கரையோரத்து மக்கள் அவ்வளவு தொகையாக முதல் பக்கத்துக்கு வந்தது அப்போதுதான்.

முறை எளியது. உள்ளடக்கப் பகுப்பாய்வு என்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாள். படத்தில் இருப்பவர் ஆணா, பெண்ணா? பெயர் போட்டிருக்கிறதா? ஊர், தொழில் உண்டா? அவர் பேசுகிறாரா, அவரைப் பற்றி வேறு யாரும் பேசுகிறார்களா? ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக நிரப்பி, இருவரின் விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கவேண்டும். இல்லாவிட்டால் அது என் அபிப்பிராயம் மட்டுமே. தமிழ்ப் பத்திரிகைகளை நானும் மலையகத் தம்பியும் பார்த்தோம். அதே நாட்களின் சிங்களப் பத்திரிகைகளை அந்தச் சிங்கள நண்பி தன் ஆய்வுக்காகப் பார்த்தார்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில், கட்டிவைத்த பெரிய பத்திரிகைத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜனவரி முதல் வாரத்து இதழ் ஒன்றில் நான்கு பத்திக்கு ஒரு படம். கடற்கரை மணலில், உடைந்த வள்ளத்துக்கு அருகில், முழங்காலில் இருக்கும் ஒரு பெண். தலைமயிர் கலைந்து, சேலைத் தலைப்பு மண்ணில் கிடந்தது. கீழே, 'பிள்ளையைப் பறிகொடுத்துப் பரிதவிக்கும் ஒரு தாய்' என்று இருந்தது. அதே பக்கத்தின் மற்றப் படத்தில் நிவாரணப் பொதி வழங்கும் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஆறு பேருக்கும் பெயர், பதவி, இடமிருந்து வலமாக.

தாளை நிரப்பத் தொடங்கினேன். பெண். பெயர் இல்லை. ஊர் இல்லை. பேசவில்லை. பிறகுதான் அந்தத் தலைப்பெழுத்தின் அமைப்பையும் பக்கம் பிரித்திருந்த விதத்தையும் கவனித்தேன். அது என் பக்கம். அந்தப் படக்குறிப்பை எழுதியவள் நான்.

அந்த இரவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. படம் பிந்தி வந்தது. அச்சுக்குப் போக நேரமாகிவிட்டது. படம் அனுப்பியவரிடம் பெயர் கேட்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. நிவாரணம் கொடுத்தவர்களின் பெயரில் எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று மட்டும் இரண்டு தரம் தொலைபேசியில் சரிபார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து அழுதுகொண்டுதான் குறிப்பை எழுதினேன். அழுததால் என் கடமை முடிந்துவிட்டதென்று நினைத்திருக்கிறேன்.

1965இல் கல்டுங், ரூஜ் என்ற இரு நோர்வே ஆய்வாளர்கள், ஒரு நிகழ்வு செய்தியாவதற்கான பன்னிரண்டு காரணிகளைச் சொன்னார்கள். அதில் ஒன்று, பெரிய இடத்து மனிதர்கள் சம்பந்தப்பட்டிருப்பது. பெரியவர்கள் ஆளாக வருவார்கள். மற்றவர்கள் கூட்டமாகவும் அடையாளமாகவும் வருவார்கள். பரீட்சைக்காக அதை மனனம் செய்து எழுதியிருந்தேன். என் கையெழுத்திலேயே அதைக் கண்டது சுவடிகள் திணைக்களத்தில்தான். அன்று பின்னேரம் சிங்கள நண்பியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் தாள்களை எடுத்துக் காட்டினார். 'ஒரு தாய்', 'அழும் அன்னை', 'தாயொருவர்'. மொழிதான் வேறு. இரண்டு மொழிப் பத்திரிகைகளும் எவ்வளவோ விடயங்களில் முரண்பட்டிருந்த அந்தக் காலத்தில், இதில் மட்டும் ஒற்றுமையாக இருந்திருக்கிறோம்.

அன்றிரவு எனக்கு இந்தக் கல்லூரி ஞாபகம் வந்தது. பதினாறு வயதில் நான் விடுதியின் சுவர்ப் பத்திரிகைக்குப் பொறுப்பாக இருந்தேன். விடுதிச் சமையலறையில் பல வருடம் வேலை செய்த அம்மா ஒருவர் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அவருடைய குரக்கன் பிட்டைப் பற்றி, ஒடியல் கூழைப் பற்றி, சாமத்தில் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு வைத்துத் தந்த மல்லித் தண்ணியைப் பற்றி. எங்கள் தமிழ் ரீச்சர் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறீர் பிள்ளை. இவவின்ரை பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் அவர் ஆச்சி. "அவ கையாலை ஆறு வருசம் சாப்பிட்டனீர். போய்க் கேட்டு எழுதும்" என்று கட்டுரையைத் திருப்பித் தந்தார். போய்க் கேட்டேன். ஆச்சி முதலில் சிரித்தார். பிறகு தன் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு சொன்னார். எழுத்தெழுத்தாக நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினாறு வயதில் இங்கே படித்ததை இருபத்தொன்பது வயதில் மறந்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வயதில் முதுமாணிப் படிப்பு அதை எனக்குத் திருப்பித் தந்தது.

பக்கங்களை எண்ணியதோடு ஆய்வை முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டு இரண்டாவது பகுதி ஒன்றைச் சேர்த்தேன்: சுனாமிக் காலத்தில் படமெடுக்கப்பட்ட பெண்களைச் சந்தித்துப் பேசுவது. என் படக்குறிப்பில் இருந்தவரை நான் கண்டுபிடிக்கவில்லை. படம் எடுத்தவர் இன்று இல்லை. எந்தக் கரை என்றும் தெரியவில்லை. அது தீராத கடனாகவே இருக்கிறது.

ஆனால் வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமம் ஒன்றில் வேறொரு அக்காவைச் சந்தித்தேன். அவருடைய படமும் பத்திரிகையில் வந்தது. "படம் எடுத்துக்கொண்டு போச்சினம். ஒருத்தரும் பேர் கேக்கேல்லை. பேப்பரிலை வந்திருக்கெண்டு பாத்த ஆக்கள்தான் சொன்னவை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நடக்கும் என்பது போலச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் பேசினோம். நான் கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பாதிக்கு மேல் அவற்றைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். ஆய்வில் பங்குபற்றுவோரின் பாதுகாப்புக்காக அவர்களுடைய பெயர்களை மறைத்து, வேறு பெயரோ இலக்கமோ இடுவது வழக்கம். நல்ல காரணத்துக்காக ஏற்பட்ட விதி அது. எங்கள் நாட்டில் அதன் தேவை உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 'உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்பட மாட்டாது' என்ற வரியை வாசித்ததும் அவர் என்னை நிறுத்தினார். "ஏன் தங்கச்சி? நான் என்ன களவெடுத்தனானோ? என்ரை பேரைப் போடுங்கோ. அண்டைக்குப் போடாததை இப்பவெண்டாலும் போடுங்கோ. என்ரை பிள்ளையின்ரை பேரையும் போடுங்கோ."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்திரிகை அவசரத்தில் அவருடைய பெயரை விட்டது. ஆய்வு அக்கறையில் அவருடைய பெயரை விடப் பார்க்கிறது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் அவரிடம் கேட்கவில்லை.

கொழும்புக்குத் திரும்பி மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுதச் சொன்னார். பெயர் வெளிவருவதால் என்ன நன்மை, என்ன தீமை வரலாம் என்பதை மறுபடி நேரில் விளக்கி, யோசிக்க அவகாசம் கொடுத்து, தனிப் படிவத்தில் சம்மதம் பெறவேண்டும் என்று குழு சொன்னது. மறுபடி போனேன். பேசிய பெண்களில் சிலர் பெயர் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய பெயர்கள் இல்லை. சிலர் வேண்டும் என்றார்கள், இருக்கின்றன. அந்த அக்காவின் பெயரும் அவருடைய மகனின் பெயரும் என் ஆய்வேட்டில் இருக்கின்றன. அச்சடித்த பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆங்கில எழுத்தில் இருந்த மகனின் பெயரை விரலால் தடவிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

அந்தப் பெயர்களை இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை. ஆய்வேட்டுக்குத்தான் அவர் அனுமதி தந்தார். இந்தக் கூட்டத்துக்கும் மலருக்கும் நான் கேட்கவில்லை.

இனி, இந்தப் படிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் தங்கைமாருக்கும் என் வயதுக்காரருக்கும் சில நடைமுறை விடயங்கள்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் முதுமாணிக்கு இரண்டு படி உண்டு. பாடங்களை மட்டும் படித்து முடிப்பது 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். பாடங்களோடு ஆய்வும் செய்வது 10ஆம் மட்டம், குறைந்தது 60 கிரெடிட். பின்னர் ஆய்வுப் பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சேரும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாடக் கிரெடிட் என்பது ஏறத்தாழ 50 மணித்தியாலப் படிப்பு. 30 கிரெடிட் என்றால் 1,500 மணித்தியாலம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் கிழமைக்குப் பதினான்கு, பதினைந்து மணித்தியாலம். அந்த நேரம் எங்கிருந்து வரும் என்று வீட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டு முதலே பேசுங்கள். என் வீட்டில் சனி, ஞாயிறு சமையலைக் கணவரும் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். பருப்பு அடிப்பிடித்த நாட்கள் இருந்தன. ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. பிரித்தானியாவில் படிக்க நினைப்பவர்களுக்கு, அங்கே முழுநேர முதுமாணி பெரும்பாலும் ஒரே வருடத்தில் 180 கிரெடிட். அங்குள்ள கிரெடிட்டின் கணக்கு வேறு. ஆனால் வேலையோடு சேர்த்துச் செய்ய நினைத்தால் பகுதிநேரத்தை யோசியுங்கள்.

தனியார் நிறுவனங்களில் சேருவதானால், பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால் ஏற்கப்பட்டதா என்று பணம் கட்டும் முன்னர் பாருங்கள். முதற்பட்டம் இதே துறையில் இருக்கவேண்டும் என்று பல இடங்களில் கேட்பதில்லை. தாதியாக, ஆசிரியையாக, சட்டத்தரணியாக இருப்பவர்கள் கொண்டுவரும் கேள்விகள் இந்தத் துறைக்கு மிகவும் தேவை. நோயாளிக்கு விளங்காத மருந்துச் சீட்டும் ஒரு தொடர்பாடல் பிரச்சினைதான்.

எல்லாவற்றிலும் முக்கியம், ஒரு கேள்வியோடு போங்கள். பதவி உயர்வுக்கு என்று மட்டும் போனால் இரண்டாவது தவணையில் களைத்துவிடுவீர்கள். உங்களுக்கு உறுத்துகின்ற ஒரு கேள்வி இருந்தால் அது உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

படித்ததால் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். சம்பளம் பெரிதாகக் கூடவில்லை. இப்போது பிரதேச நிருபர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் படிப்பிக்கிறேன். முதல் நாள் என் அந்தப் பழைய பக்கத்தின் பிரதியைக் கொடுத்து, இதில் என்ன குறை என்று கேட்பேன். எழுத்துப் பிழை தேடுவார்கள். பத்து நிமிடம் கழித்து யாராவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் பெண்பிள்ளை, "இவவின்ரை பேர் என்ன, மிஸ்?" என்று கேட்கும். அதற்குப் பிறகுதான் பாடத்தைத் தொடங்குவேன். பக்கத்தை எழுதியது யார் என்பதையும் சொல்வேன்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் ஆரம்பித்தது. எங்கள் சங்கத்துக்கும் ஏறக்குறைய அதே வயது. இந்த நூறு வருடத்தில் எவ்வளவோ பேச்சு காற்றில் போயிருக்கிறது. எங்கள் கல்லூரியின் படங்களும் இடப்பெயர்வுகளில் எவ்வளவோ போய்விட்டன. மிஞ்சியவை உங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன. கொழும்பில், லண்டனில், ரொறன்ரோவில், சிட்னியில், பழைய சூட்கேசுகளுக்குள். நூற்றாண்டு மலருக்காக வந்த படங்களைப் பார்க்கச் செயலாளர் எனக்குச் சந்தர்ப்பம் தந்தார். அமர்ந்திருப்பவர்களுக்குப் பெயர் இருக்கிறது. நிற்பவர்களுக்குப் பாதி இருக்கிறது. ஓரத்தில் நிற்கும் விடுதி ஊழியருக்கும், வாசற்காவலருக்கும், தரையில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் உங்களிடமுள்ள படங்களை எடுங்கள். எண்பதும் தொண்ணூறும் வயதான அக்காமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதி, சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இதற்கு முதுமாணிப் பட்டம் தேவையில்லை.

எங்கள் ஆச்சியின் பெயரைச் சுவர்ப் பத்திரிகையில் எழுதினேன் என்று சொன்னேன். அந்தத் தாள் 1995இல் போய்விட்டது. இன்று காலை இங்கே வந்தபோது அந்தப் பெயர் எனக்கு முழுதாக ஞாபகம் வரவில்லை. முதற்பெயர் மட்டும் நினைவிருக்கிறது. 1991ஆம் ஆண்டளவில் விடுதியில் இருந்தவர்கள் யாராவது உங்களில் இருந்தால், தேநீர் இடைவேளையில் தயவுசெய்து என்னிடம் வாருங்கள்.